பந்தல்காரத் தெருவில் கடை திறந்த அன்று

துரைக்கண்ணு பேப்பர் படித்தால் பந்தல்காரத் தெருவுக்கே கேட்கும். அவர் மனைவி கமலாம்பாளுக்குக் கண்ணில் புரை விழுந்த வருஷம் ஆரம்பித்த பழக்கம் அது. ஆபரேஷன் முடிந்து பார்வை திரும்பிய பிறகும் அவள் விடவில்லை. “உங்க குரல்ல கேட்டாத்தாங்க செய்தி மாதிரி இருக்கு” என்பாள். அவரும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மேட்டூர் அணை நீர்மட்டத்தில் தொடங்கி, நெல் கொள்முதல், தங்கம் விலை, ராசிபலன் வரை ஒன்றுவிடாமல் படிப்பார். நடுவில் அவள் குறுக்குக் கேள்வி கேட்பாள். அவர் எரிந்து விழுவார். இருவருக்கும் பொழுது அதில்தான் விடியும்.

மருமகள் குந்தவை அடுப்படியில் காபி கலந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சில நாள் சிரிப்பு வரும். சில நாள் ஏக்கமாக இருக்கும். இப்படிச் சண்டை போட அவளுக்கும் ஒருவன் இருந்தான், கத்தாரில். கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் சூர்யபிரகாஷுக்கு வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் வருவான். வந்த மாதத்தில் பாதி உறவினர் வீட்டு விசேஷங்களில் போய்விடும். ஒரு பிள்ளைக்குக்கூட அவர்கள் வாழ்க்கையில் நேரம் கிடைக்கவில்லை.

“வந்துடுங்களேன்” என்று அவள் கேட்டபோதெல்லாம் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். “வந்து? அந்தத் தெருவுல என்ன பண்றது? பாதி வீடு பூட்டிக் கிடக்கு. ஏழு மணி ஆனா சுடுகாடு மாதிரி இருக்கு.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஒரு காலத்தில் தெருவின் நடுவே நெல் மண்டி இருந்தது. லாரி, மூட்டை, தரகர், டீக்கடை என்று ஒரே இரைச்சல். மண்டி பைபாஸ் பக்கம் போனது. பின்னாலேயே டீக்கடை போனது, மளிகை போனது. வசதி உள்ளவர்கள் மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பூட்டிய வீடுகளின் ஓட்டில் அரசமரம் முளைத்தது. மிஞ்சியது வயதானவர்களும், முனைப் பிள்ளையார் கோயில் வாசலில் பூக்கட்டும் கண்ணாத்தாளும்தான்.

ஒரு நாள் இடிந்த மண்டிக்கு முன்னால் கார் வந்து நின்றது. இறங்கிய மனிதர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு வாசலில் நின்ற கமலாம்பாள் சும்மா இருக்கவில்லை.

“தம்பி, என்ன பார்க்கிறீங்க?”

“இடம் விலைக்கு வருதுன்னாங்கம்மா. சூப்பர் மார்க்கெட் போடலாமான்னு ஒரு யோசனை. ஆனா தெருவுல ஆளே இல்லையே?”

“கடை இல்லைன்னுதான் ஆள் போயிட்டாங்க. ஆள் இல்லைன்னு நீங்களும் போயிட்டா எப்படி? ஒரு தேங்கா வாங்க ஆட்டோ புடிக்க வேண்டியிருக்கு தம்பி. உள்ள வாங்க, மோர் குடிச்சிட்டு யோசிங்க.”

அவர் பெயர் ஜாஹித். அய்யம்பேட்டைக்காரர், வளைகுடாவில் பல வருஷம் கடை நடத்திவிட்டுத் திரும்பியவர். அந்த மோரில் அவர் விழுந்துவிட்டார் என்றுதான் துரைக்கண்ணு கேலி செய்வார். கமலாம்பாள் அதோடு விடவில்லை. பூட்டிய வீட்டுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். “வெள்ளையடிச்சு வைங்க, வாடகைக்கு ஆள் வரும்” என்று நச்சரித்தாள். கட்டடம் எழும்ப எழும்ப மாநகராட்சி சாக்கடையைத் தூர்வாரியது. அணைந்து கிடந்த தெருவிளக்குகள் எரிந்தன. கடை ஊழியர்களுக்கென்று இரண்டு வீடு திறந்தது. குந்தவைக்குக் கடையில் மேற்பார்வையாளர் வேலை உறுதியாயிற்று. சரக்குப் பொறுப்புக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று ஜாஹித் சொன்னதும் கமலாம்பாள் மகனுக்குப் போன் போட்டுக் கத்தினாள். மறுமுனையில் அவன் சிரித்தான்.

“சரிம்மா. கடை நல்லபடியா திறந்து, நாலு ஆள் வந்து போகட்டும். ஆவணியில கணக்கை முடிச்சுட்டு வந்துடறேன்.”

அன்று குந்தவை மாடியறையின் ஜன்னல்களைத் திறந்து, தூசி தட்டி, புதுத் திரை போட்டாள்.

திறப்பு நாளைக் குறித்ததும் கமலாம்பாள்தான். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். “ஆடி பிறந்துட்டா எங்க ஆளுங்க புதுக்கடை வாசலை மிதிக்க மாட்டாங்க தம்பி” என்றாள். ஜாஹித் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனையும் போட்டார். “குத்துவிளக்கு ஏத்தி முதல் போணி பண்றது நீங்கதாம்மா. மஞ்சளும் உப்பும் உங்க கையால பில் போடணும்.” அவள் அதற்கென்று அரக்குச் சேலை எடுத்து, ரவிக்கை தைத்து, அலமாரியில் வைத்திருந்தாள்.

அந்தச் சேலையை அவள் கட்டவில்லை.

விடியற்காலையில் காபிக்கு எழுப்பப் போன துரைக்கண்ணு, “குந்தவை, இங்க வாம்மா” என்று கூப்பிட்டார். குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தாள். கமலாம்பாள் சுவரோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கை சில்லிட்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூக்கத்திலேயே எப்போதோ போயிருந்தாள்.

குந்தவைக்கு அலறல் நெஞ்சுவரை வந்தது. அதே நொடியில் எதிரே கடை வாசலில் நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிணம் கிடக்கும் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது, பிள்ளையார் கோயில் நடை திறக்காது. மண்டி இருந்த காலத்திலிருந்து தெருவின் வழக்கம் அது. முன்பு இராஜாங்கம் என்பவர் இதே தெருவில் இட்லிக்கடை போட்டார். திறந்த அன்றே பக்கத்து வீட்டில் ஒரு சாவு. முதலிலேயே எல்லோரையும் அழைத்துவிட்டோமே என்று அவர் அடுப்பை மூட்டிவிட்டார். அதன் பிறகு அந்தக் கடையில் ஒருவரும் கை நனைக்கவில்லை. பொங்கலுக்குள் பூட்டிக்கொண்டு போனார். குந்தவை தன் கண்ணால் பார்த்தது அது.

“மாமா” என்றாள். “கடை திறக்கிற வரைக்கும் வெளியில சொல்ல வேணாம் மாமா.”

அவர் அவளைப் பார்த்தார்.

“இன்னிக்கு விட்டா ஆடி. திறந்தவுடனே சாவுன்னு பேர் வந்துட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க. அத்தை நடையா நடந்து கொண்டுவந்த கடை. மத்தியானம் வரைக்கும்தான் மாமா. அவங்க இருந்தா அவங்களே இதைத்தான் சொல்லுவாங்க.”

கடைசியாகச் சொன்னது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. உண்மை என்று நம்பவேண்டியிருந்தது. மாடியில் புதுத் திரை ஆடிக்கொண்டிருந்தது.

துரைக்கண்ணு கட்டிலருகே தரையில் உட்கார்ந்து மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டார். குந்தவை போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். தாடையைத் துணியால் கட்டவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கட்டினால் எட்டிப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். முகம் சுவர்ப்பக்கம்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டாள்.

வாசலில் கண்ணாத்தாளின் குரல் கேட்டது. “கமலாக்கா! தலைக்கு மல்லி கொண்டாந்திருக்கேன். என்ன, இன்னிக்குப் பேப்பர் சத்தத்தையே காணோம்? ஐயாவும் மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணிக்கிறாரா?”

குந்தவை ஓடிப்போய் வாசற்படியை மறித்து நின்றாள். “அத்தைக்கு ராத்திரியிலேர்ந்து முடியலைக்கா. இப்பத்தான் கண் அசந்தாங்க. விளக்கை என்னை ஏத்தச் சொல்லிட்டாங்க.”

“அடக் கடவுளே! விளக்கேத்த முடியாத அளவுக்கா? நான் ஒரு எட்டு பார்த்துட்டு...”

“வேணாங்க்கா, தூங்கட்டும். மாமா பேப்பர் படிச்சாத்தான் தூக்கமே வரும் அவங்களுக்கு. இதோ படிக்கப் போறாரு.”

உள்ளே திரும்பி வந்தாள். பேப்பரை எடுத்து மாமனார் முன்னால் நீட்டினாள். அவர் பேப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெல்ல எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“மேட்டூர் அணைக்கு நீர்வரத்து அதிகரிப்பு...”

முதல் வரியில் குரல் உடைந்தது. செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். உரக்க. எப்போதும் படிப்பதைவிட உரக்க. வழக்கமாகக் கமலாம்பாள் குறுக்கே கேட்கும் இடங்களில் நிறுத்தினார். ஒன்றும் வராததால் மேலே படித்தார். குந்தவை உள்ளறையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழாமல் புடவை மாற்றினாள். வாசலில் கண்ணாத்தாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: “கேட்டியா, சீக்குக்காரிக்கும் செய்தி படிக்கிற புருஷன். நமக்கும் வாய்ச்சுதே!”

தீட்டுப்பட்ட கையோடு குந்தவை கடை வாசலில் குத்துவிளக்கு ஏற்றினாள். ஐந்து முகமும் எரிந்தது. மேளம் கெட்டியாக முழங்கியது. ஜாஹித், “அம்மாவுக்கு எப்படி இருக்கு தங்கச்சி? கூட்டம் கொஞ்சம் ஓயட்டும், நான் டாக்டரைக் கூட்டிட்டு வரேன்” என்றார். “தூங்கினாச் சரியாயிடுங்கண்ணே” என்றாள். கமலாம்பாள் பெயரைச் சொல்லி மஞ்சளும் உப்பும் எடுத்து முதல் பில் போட்டாள். ஊழியப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் குந்தவையின் போனில் வீடியோ எடுத்தாள். குந்தவை அதைச் சூர்யபிரகாஷுக்கு அனுப்பினாள். அனுப்பாவிட்டால் அவனே கேட்பான்.

உடனே கூப்பிட்டான். அவனுக்கு அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

“குந்தவை! என்ன கூட்டம்! நம்ம தெருவா இது? அம்மா எங்க, விளக்கு நீ ஏத்துற?”

கடை வாசலில் வண்டிகள் நிறுத்த இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பூட்டியே கிடந்த வீட்டுக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்து, தன் வீட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

“அத்தைக்குக் கொஞ்சம் அசதி. தூங்கறாங்க.”

“சரி சரி, எழுப்பாத. எழுந்ததும் பேசச் சொல்லு. ஆவணி நிச்சயம்னு சொல்லு.”

மேடையிலிருந்து கரைக்கு நாளுக்கு ஒரு படகுதான், காலையில் கிளம்பும் என்று அவன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். அந்த நினைப்பு போனை வைக்கும்போது அவளுக்கு வந்தது. மறுபடி கூப்பிடலாம் என்று பெயரைத் தொட விரல் போனது. அதற்குள் பில் மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று யாரோ அழைத்தார்கள். போனாள்.

உச்சிவெயிலில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. அவள் வீட்டுக்கு வந்தாள். துரைக்கண்ணு இன்னும் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் எப்போதோ முடிந்திருந்தது. வரிவிளம்பரங்களை, வீடு வாடகைக்கு, மணமகள் தேவை என்று படித்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

“போதும் மாமா” என்றாள். அப்புறம் அவள் அலறியது நடிப்பில்லை. காலையிலிருந்து அடைத்து வைத்தது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

முதலில் ஓடி வந்தவர் ஜாஹித். பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். திரும்பிப் போய்த் தன் கையாலேயே கடை ஷட்டரை இழுத்து மூடினார். திறப்பு விழாப் பந்தலிலிருந்து வாழைமரத்தையும் தோரணத்தையும் அவிழ்த்துவிட்டு, அதே பந்தலைத் துக்க வீட்டு வாசலுக்கு மாற்றினார்கள். விருந்தினருக்குப் போட்ட நாற்காலிகளே துக்கத்துக்கு வந்தவர்களுக்கும் ஆயிற்று. ஐஸ்பெட்டி கொண்டுவந்த வண்டி தெருவுக்குள் நுழைய முடியவில்லை. அத்தனை பைக். ஒவ்வொன்றாய்த் தூக்கி ஓரம் வைக்கவேண்டியிருந்தது.

நன்னிலத்திலிருந்து கமலாம்பாளின் அண்ணன் கோவிந்தராசு பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். தங்கை முகத்தைத் தொட்டார். திறந்திருந்த வாயை மூடப் பார்த்தார். மூடவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

“எப்ப போச்சு மாப்ளே உசிரு?”

“மத்தியானந்தான் மச்சான்” என்றார் துரைக்கண்ணு, தரையைப் பார்த்தபடி.

“எத்தனை பிணத்தைக் குளிப்பாட்டினவன் நான். என்கிட்டயா?” கோவிந்தராசு எழுந்து கோடியைப் போர்த்தியபடியே மற்றவர் காதில் விழாமல் சொன்னார். “அவ வாயைக்கூடக் கட்டாம விட்டிருக்கீங்க. தாகத்துக்குத் தண்ணி கேக்குற மாதிரி கிடக்கா என் தங்கச்சி. காரியம் முடியட்டும். அப்புறம் இந்த வாசல்ல என்னைப் பார்க்க மாட்டீங்க.”

சூர்யபிரகாஷுக்குச் சொன்னபோது படகு போயிருந்தது. மறுநாள் படகேறி, விமானம் பிடித்து வர மூன்றாம் நாள் ஆகும். ஐஸ்பெட்டியில் வைத்துக் காத்திருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். துரைக்கண்ணு மட்டும் தலையசைத்தார். “வேணாம். அவளைக் காக்க வச்சது போதும். நாளைக்குக் காலையில எடுத்துடுங்க.” மற்றவர்களுக்கு அது துக்கத்தில் வந்த வார்த்தை. குந்தவைக்கு மட்டும் அது எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. மறுநாள் வடவாற்றங்கரையில் அவரே கொள்ளி வைத்தார்.

பால் தெளித்து முடித்த அன்று சாயங்காலம் சூர்யபிரகாஷ் வந்து இறங்கினான். தெருமுனையிலேயே நின்றுவிட்டான். மறுபடி திறந்திருந்த கடையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. இரண்டு கல்லூரிப் பெண்கள் வாடகைக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அழுகை வந்தது. உள்ளே வந்து வெறும் கட்டிலைப் பார்த்து அழுதான். குந்தவையின் தோளில் சாய்ந்து அழுதான். “நான் இனிமே போகலை. அம்மா ஆசைப்பட்டபடி இங்கேயே இருந்துடறேன்” என்றான். எத்தனையோ வருஷமாய் அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அப்புறம் அவன் போனை எடுத்தான்.

“அப்பா, இதைக் கேளுங்க.”

விளக்கேற்றும் வீடியோ. மேளம் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கும் இடத்தில், எதிர்வீட்டிலிருந்து துரைக்கண்ணுவின் குரல் மெலிதாகக் கேட்டது: “நெல் கொள்முதல் நிலையங்களில்...”

“அம்மாவுக்கு நீங்க படிக்கிறீங்கப்பா. படகுல, பிளைட்டுல, வழி பூரா இதைத்தான் கேட்டுக்கிட்டு வந்தேன். அம்மா இருந்த கடைசிக் காலைப்பொழுது. முகம் பார்க்கக் கொடுத்து வைக்கலை. இதாவது இருக்கேன்னு...”

மறுபடி ஓட்டினான்.

“நிறுத்துடா” என்றார் துரைக்கண்ணு.

“இருங்கப்பா, இந்த இடம்...”

“நிறுத்துடாங்கறேன்ல! அவ கேக்கலைடா. அப்ப அவ கேட்டுக்கிட்டு இல்ல. நான் சுவத்துக்குப் படிச்சேன்டா.”

கூடத்தில் மேளம் மட்டும் போனுக்குள் ஒலித்து நின்றது. சூர்யபிரகாஷுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகம் மெல்ல மெல்ல மாறியது.

“நான்தான்டா சொல்ல வேணாம்னேன்” என்றார் கிழவர் அவசரமாக. “கடை காரியம் கெட்டுடுமேன்னு...”

குந்தவை அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தப்பியிருக்கலாம். மாமனார் பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டார். அவர் இறக்கிவைக்கவும் மாட்டார். ஆனால் கட்டிப்போன தொண்டையோடு மணமகள் தேவை படித்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

“மாமா இல்லைங்க” என்றாள். “நான்தான் சொன்னேன். மாமா வாயே திறக்கலை.”

“நான் போன் பண்ணப்ப உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தூங்கறாங்கன்னு சொன்ன.”

“ஆமா.”

“படகு கட்டியிருந்துச்சு குந்தவை” என்றான். கத்தவில்லை. “கையில டீயை வச்சுக்கிட்டு அதைப் பார்த்துக்கிட்டேதான் உன்கூடப் பேசினேன்.”

“நீங்க வரணும்னுதாங்க...” என்று ஆரம்பித்தாள். அவன் போனைப் பார்த்தான். அந்த வீடியோவை அழித்தான். எழுந்து, அம்மாவின் வெறும் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டான். மாடிக்கு அவன் ஏறவே இல்லை.

கருமாதிக்கு ஜாஹித் வந்திருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. பந்தியில் குந்தவையிடம் ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“அம்மா முந்தின நாளே போயிருந்தாக்கூட அன்னிக்குக் கடையைத் திறந்திருக்கவே மாட்டேன் தங்கச்சி. மௌத்தான வீட்டு எதிர்ல மேளம் வைக்க மனசு வருமா?”

“அப்புறம் ஆடி வந்திருக்குமேண்ணே.”

“எனக்கேதும்மா ஆடி? அம்மா பிரியப்பட்டாங்கன்னுதான் அந்தத் தேதி. இல்லைன்னா ஆடித் தள்ளுபடின்னு போர்டு போட்டு ஜோரா திறந்திருப்பேன். ஜனங்க வராமலா போயிடுவாங்க?”

அவள் கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். கேட்டிருக்கலாம். தெருவைத் தாண்டிப் போய், அண்ணே இப்படி ஆயிடுச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு அன்று தோன்றவே இல்லை.

மறுவாரம் சூர்யபிரகாஷ் கிளம்பினான். ஆவணி பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் வாரம் ஒரு முறை போன் வரும்.

தெருவில் இப்போது பூட்டிய வீடு இல்லை. கடைப் பக்கத்தில் மருந்துக்கடை, தையற்கடை, மறுபடி ஒரு டீக்கடை வந்துவிட்டது. வாடகை ஏறிவிட்டதாகக்கூடப் பேசிக்கொள்கிறார்கள். கமலாம்பாள் கைராசிதான் தெருவையே எழுப்பிவிட்டது என்று பில் போடும்போது யாராவது சொல்வார்கள். குந்தவை சிரித்து மீதிச் சில்லறை கொடுப்பாள். துரைக்கண்ணு மட்டும் அந்தக் கடையில் கால் வைப்பதில்லை. ஒரு தீப்பெட்டி வேண்டுமென்றாலும் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கீழவாசல் வரை நடக்கிறார். மருமகளை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அவள் போடும் சோற்றைச் சாப்பிடுகிறார், தட்டைத் தானே கழுவி வைக்கிறார். பேப்பர் வருகிறது, மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடக்கிறது.

ஒரு நாள் காலை கண்ணாத்தாள் சோப்பு வாங்க வந்தாள்.

“ஏம்மா குந்தவை, ஐயா இப்பல்லாம் பேப்பர் படிக்கிறதில்லையா? சத்தமே கேக்கறதில்லையே.”

வெளியே பால் வண்டி ஹாரன் அடித்தது. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

“படிக்கிறாருக்கா” என்றாள் குந்தவை, சோப்பை எடுத்து பில் போட்டபடியே. “கடைச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை.”